பேரிடரில் உழைச்செல்வார்: மருத்துவமனைச் சமூகப் பணியாளரின் தொண்டு

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துரைக்கின்றது. நோயுற்றவர் முதற் கூறு. நோயைத் தீர்க்கும் மருத்துவர் இரண்டாம் கூறு. மருந்து மூன்றாம் கூறு. நான்காவதாக வைக்கப்பட்டவர் ‘உழைச்செல்வான்’. ‘உழை’ என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தே இருந்து வேண்டுவன செய்பவரை அச்சொல் குறிக்கின்றது. வகுப்பில் இக்குறளை நடத்தும் ஆசிரியர், அவரைச் ‘செவிலியர்’ என்று விளக்கிவிட்டு அடுத்த அதிகாரத்திற்குச் செல்வது வழக்கம். அவ்விளக்கம் பொருத்தமானதே. ஆயினும் இக்காலத்துப் பெரிய மருத்துவமனைகளில் உழைச்செல்வார் இன்னொருவரும் உளர். அவர் ஊசி போடுவதில்லை; புண்ணுக்குக் கட்டுப் போடுவதுமில்லை. நோயாளியின் வீடு, வேலை, கடன், பிள்ளைகள், அச்சம் ஆகியவற்றைக் கேட்டறிந்து அவற்றிற்கு வழிகாண்பதே அவருடைய தொழில். மருத்துவச் சமூகப் பணியாளர் என்று அவரை வழங்குவர்.

அமைதியான நாட்களில் அவருடைய பணி பலர் கண்ணிற் படுவதில்லை. ஒரு கட்டடம் இடிந்து விழும்போதும், ஒரு கப்பல் வெடிக்கும்போதும், ஒரு கொள்ளைநோய் நகருக்குள் புகும்போதும் அப்பணி எத்துணை இன்றியமையாதது என்பது புலனாகின்றது. சிங்கப்பூரின் அனுபவத்தைக் கொண்டே இதனை ஆராயலாம். தமிழர் நாள்தோறும் நடமாடும் சிராங்கூன் சாலையிலிருந்தே தொடங்கலாம்.

சிராங்கூன் சாலையில் ஐந்து நாட்கள்

1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், சனிக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில், சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் கூடும் முனையில் நின்ற லியன் யாக் கட்டடம் ஒரு நிமிடத்திற்கும் குறைந்த நேரத்தில் தரைமட்டமாயிற்று. ஆறு மாடிகள் கொண்ட அதன் கீழ்த்தளத்தில் ஒரு வங்கியும், மேல்தளங்களில் ஹோட்டல் நியூ வோர்ல்டு என்னும் விடுதியும் இருந்தன. சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குச் செல்வோரும் தேக்காவில் பொருள் வாங்கி வருவோரும் அன்றாடம் கண்ட கட்டடம் அது. மீட்புப் படையினர் இரவு பகலாக இடிபாடுகளை அகற்றினர். பெருவிரைவு ரயிலுக்காக அப்பொழுது சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியியலாளர் சிலர், தாமே முன்வந்து இடிபாடுகளுக்குள் குடைந்து வழி அமைத்தனர். மீட்புப் பணி ஐந்து நாட்கள் நடந்தது. 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். 33 பேர் மாண்டனர். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கிற் சேர்க்காமல் அதன் தூண்கள் வடிவமைக்கப்பட்டிருந்தன என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது.

இச்செய்திகள் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. வரலாற்றில் மிகுதியாக இடம்பெறாத வேறொரு கூட்டம் உண்டு. அது உறவினர் கூட்டம். அன்று விடுதியில் இருந்தவர் யார், வங்கிக்குள் சென்றவர் யார் என்பது எவருக்கும் திட்டமாகத் தெரியாது. வீடு திரும்பாத ஒருவரைத் தேடி வருவோர் முதலில் விபத்து நடந்த இடத்திற்கு ஓடுவர்; அங்கே காவலர் தடுத்தால் மருத்துவமனைக்கு ஓடுவர். ஆகவே, பேரிடர் நாளில் எந்த மருத்துவமனைக்கும் இரண்டு கூட்டங்கள் வருகின்றன. ஒன்று காயமுற்றோர் கூட்டம்; மற்றொன்று அவர்களைத் தேடி வருவோர் கூட்டம். இரண்டாவது பெரும்பாலும் முதலாவதைவிடப் பெரிது. மருத்துவரும் செவிலியரும் காயமுற்றோரை விட்டு ஒரு கணமும் நகர இயலாது. அப்படியாயின் தேடி வந்தவர்களை யார் பார்ப்பது? அக்கேள்விக்கு விடையாக நிற்பவரே சமூகப் பணியாளர்.

அறத்தின் பெயரால் பிறந்த தொழில்

இத்தொழில் செய்வோர்க்கு ஆங்கிலேயர் முதலில் இட்ட பெயர் ‘அல்மோனர்’. அறப்பொருளைப் பகிர்ந்தளிப்பவர் என்பது அதன் பொருள். 1895ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் ஃபிரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்னும் அம்மையார் முதல் அல்மோனராக அமர்த்தப்பட்டார். பணம் கொடுக்கக்கூடியவர் இலவச மருத்துவம் பெறாமல் பார்த்துக்கொள்வதே அவருக்கு இடப்பட்ட வேலை. ஆனால், வந்தவர்களை விசாரித்துப் பார்த்தபோது அவர் கண்டது வேறு. மருந்து கிடைத்தும் அதனை உண்டு தேறுவதற்குரிய உணவும் ஓய்வும் இல்லாதவர்கள் பலர் இருந்தனர். வாயிற்காவலாகத் தொடங்கிய வேலை, கைகொடுக்கும் தொண்டாக மாறிற்று. 1905ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்டு கேபட் என்னும் மருத்துவர் இத்தகைய பிரிவொன்றைத் தொடங்கினார். நோயாளியின் வீட்டை அறியாத மருத்துவர் நோயைப் பாதியே அறிந்தவர் ஆவார் என்னும் கருத்து அங்கு வேரூன்றியது.

சிங்கப்பூருக்கு இத்தொழில் 1940களின் இறுதியில் வந்தது. போர் முடிந்த காலம் அது. வறுமையும் இடநெருக்கடியும் மிகுந்திருந்தன. காசநோய் ஊரெங்கும் பரவியிருந்தது. காசநோயாளி மாதக்கணக்கில் படுக்கையில் இருக்கவேண்டும். கூலி வாங்குபவர் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் சிகிச்சை முடியுமுன்னரே படுக்கையைவிட்டு எழுந்து வேலைக்குப் போய்விடுவர், நோய் முற்றும். அவர்களைப் படுக்கையில் நிலைநிறுத்த மருந்து மட்டும் போதவில்லை. வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் உணவுக்கும் வழி செய்ய ஒருவர் வேண்டியிருந்தது. அல்மோனர் அதனைச் செய்தார். 1952இல் அன்றைய மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் சமூகப் பணிப் படிப்பைத் தொடங்கியது. 1960களில் ‘அல்மோனர்’ என்னும் பழம்பெயர் மறையத் தொடங்கி, ‘மருத்துவச் சமூகப் பணியாளர்’ என்னும் பெயர் நிலைபெற்றது.

இத்துறையின் முன்னோடிகளுள் டேசி வைத்திலிங்கம் அம்மையார் தமிழ்ப் பெயர் தாங்கியவர் என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது. மருத்துவமனைச் சமூகப் பணியாளராகத் தொண்டாற்றிய அவர், பெற்றோரால் பேண இயலாத பிள்ளைகளை வேறு குடும்பங்களில் வைத்து வளர்க்கும் திட்டத்திற்கு 1950களில் வழிகோலியவர்களுள் ஒருவர். சிங்கப்பூர்ச் சமூகப் பணியாளர் சங்கத்தின் முதல் தலைவராகவும் விளங்கினார்.

முதல் வேலை: பெயர்

பேரிடர் நாளில் சமூகப் பணியாளர் செய்யவேண்டிய முதல் வேலை எது? ஆறுதல் கூறுவது என்று பலர் எண்ணுவர். உண்மையில் முதல் வேலை பெயர்ப் பட்டியல். மயங்கிய நிலையில் கொண்டுவரப்படுபவருக்குப் பெயர் இல்லை. ஓர் எண் மட்டுமே உண்டு. அந்த எண்ணுக்கு உரிய பெயரைக் கண்டுபிடித்து, அந்தப் பெயருக்கு உரிய குடும்பத்தைக் கண்டுபிடிப்பதே முதற்கடமை. அதற்காக உறவினரைச் சிகிச்சைப் பகுதிக்கு அப்பால் ஓர் அறையில் அமரச் செய்து, ஒருவர் பின் ஒருவராக விசாரிப்பர். பட்டியல் ஒன்றாகவே இருக்கவேண்டும். வாயிலில் ஒரு பட்டியல், மாடியில் ஒரு பட்டியல், காவலர் கையில் ஒரு பட்டியல் என்று மூன்று இருந்தால், உயிரோடு இருப்பவர் ஒரு பட்டியலில் இல்லாமற் போவார். அவர் மனைவி அழுதுகொண்டே வீடு திரும்புவார்.

தமிழர்க்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. மருத்துவமனைப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கின்றது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரே உண்டு. ஆறுமுகம் மகன் முருகேசன் என்பவர் கடவுச்சீட்டில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதியிருந்தால், படுக்கையின் தலைமாட்டில் ‘ஆறுமுகம்’ என்று எழுதப்படும். முருகேசன் எங்கே என்று தேடி வருபவருக்கு அப்படி ஒருவர் இல்லை என்ற விடை கிடைக்கும். மேலும், முருகேசன் என்னும் ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு வகையாக எழுதலாம். கணிப்பொறி எழுத்து மாறினால் ஆளையே அறியாது. தோழர்கள் அவரை அழைப்பதோ வேறொரு பெயரில் இருக்கும். தமிழறிந்த சமூகப் பணியாளர் இங்கே பெயரோடு நிற்கமாட்டார். தந்தை பெயர் என்ன, சொந்த ஊர் எது, எந்த முதலாளியிடம் வேலை, கையில் பச்சை குத்தியிருக்கின்றாரா, இடுப்பில் அரைஞாண் உண்டா, எந்த விரலில் மோதிரம் என்று கேட்பார். சிறு கேள்விகளாகத் தோன்றும் இவையே ஒரு மனிதரை அவர் வீட்டாரிடம் சேர்க்கின்றன.

பெயர் அறியப்படாமற் போனால் விளையும் துன்பத்தைத் தமிழ்நாடு கண்டதுண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் பல்லாயிரவர் உயிரைக் கொண்டுசென்றது. நோய் பரவும் என்னும் அச்சத்தால் பல உடல்கள் அடையாளம் காணப்படுமுன்னரே ஒன்றாகப் புதைக்கப்பட்டன. இத்தகைய இயற்கைப் பேரிடரில் இறந்தோரின் உடல்களால் கொள்ளைநோய் எழுவதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. அச்சம் தணிந்திருந்தால், ஒரு நிழற்படமேனும் எடுத்து வைக்கக் காலம் இருந்திருக்கும். உடலைக் காணாத குடும்பம் துக்கத்தை முடிக்கவும் அறியாது, நம்பிக்கையை விடவும் அறியாது. 1997ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் சில்க் ஏர் விமானம் இந்தோனேசியாவில் மூசி ஆற்றில் விழுந்தபோது அதிலிருந்த 104 பேரும் மாண்டனர். அவர்களுள் மிகச் சிலருடைய உடற்பகுதிகளே அடையாளம் காணப்பட்டன. சிங்கப்பூரில் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த நிலையே நேர்ந்தது.

இறப்பைச் சொல்லும் முறை

இரண்டாவது வேலை, சொல்லவேண்டியதைச் சொல்லுதல். இறப்பை அறிவிப்பது மருத்துவரின் கடமை. ஆனால், அறிவித்துவிட்டு அவர் அடுத்த நோயாளியிடம் போகவேண்டும். அதன்பின் அந்த அறையில் இருப்பவர் சமூகப் பணியாளர். இங்கே சொல்லின் ஆற்றல் வெளிப்படுகின்றது. தமிழாசிரியர்க்கு இது சிந்தனைக்குரிய பொருள்.

இறந்தார் என்று வெளிப்படையாகக் கூறாது, தவறிவிட்டார், காலமானார், இறைவனடி சேர்ந்தார் என்று மங்கல வழக்காகக் கூறுவது தமிழ் மரபு. இலக்கணம் அதனைத் தகுதி வழக்கின்பாற் படுத்தும். துக்க வீட்டில் அம்மரபு பண்பாடு. அவசரப் பிரிவின் வாயிலிலோ அதுவே குழப்பமாக முடியலாம். அதிர்ச்சியில் இருப்பவரின் செவி தான் விரும்பும் பொருளையே கேட்கும். “அவர் போய்விட்டாரம்மா” என்று மெல்லச் சொன்னால், “எந்த வார்டுக்குப் போனார் ஐயா?” என்று திருப்பிக் கேட்கும் தாய்மார் உண்டு. ஆகையால், முதலில் அவரை அமரச் செய்யவேண்டும். அவருக்குத் தெரிந்தது என்ன என்று கேட்கவேண்டும். பின்பு ‘இறந்துவிட்டார்’ என்னும் சொல்லை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு மௌனமாக இருக்கவேண்டும். அழாதீர்கள் என்று தடுப்பதும், விதி என்று விளக்குவதும் அந்நேரத்திற்கு ஏற்றவை அல்ல. பக்கத்தே இருந்தால் போதும்.

தமிழ்க் குடும்பங்களில் மற்றொரு வழக்கமும் உண்டு. “வீட்டுப் பெரியவரிடம் சொல்லிவிடுங்கள், மனைவிக்கு இப்போது வேண்டாம், தாங்கமாட்டாள்” என்பர். அன்பினால் கூறும் சொல்லே அது. ஆயினும், கணவனை இழந்தவளுக்கு அதனை முதலில் அறியும் உரிமை உண்டு. ஊரார் பேச்சிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ அவள் அறிய நேர்ந்தால் துயரத்தோடு ஏமாற்றமும் சேரும். தேர்ந்த பணியாளர் பெரியவரை எதிர்த்துப் பேசுவதில்லை. அவரையும் உடன் வைத்துக்கொண்டு அன்றே அவளிடம் சொல்ல வழி செய்வார். குழந்தைகள் நிலையும் அப்படியே. அப்பா ஊருக்குப் போயிருக்கின்றார் என்று சொல்லப்பட்ட குழந்தை, தன்மேல் கோபங்கொண்டு தந்தை பிரிந்ததாக எண்ணி ஏங்கும். அக்குழந்தை சில நாட்களில் பள்ளிக்குத் திரும்பும். வகுப்பாசிரியர்க்கு உண்மை தெரிந்திருப்பது நல்லது. பள்ளிக்கு அச்செய்தியைப் பக்குவமாகச் சேர்ப்பதும் சமூகப் பணியாளரின் வேலையே.

பக்கத்தே நிற்க இயலாத காலம்

பக்கத்தே நிற்பதே தொழிலாக உடையவர், பக்கத்தே செல்லவே கூடாது என்று விலக்கப்பட்டால் என் செய்வார்? 2003ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் இக்கேள்வி எழுந்தது. அதன் களம் டான் டோக் செங் மருத்துவமனை. 1844ஆம் ஆண்டில் அப்பெயருடைய வணிகரின் கொடையால் ஏழைகளுக்கெனத் தோன்றி, 1860களில் சிராங்கூன் சாலைப் பகுதிக்கு வந்து, 1909இல் மோல்மீன் சாலையில் நிலைபெற்ற அறநிலையம் அது.

2003 மார்ச் மாதத்தில் சார்ஸ் என்னும் கடும் சுவாச நோய் வெளிநாடு சென்று திரும்பியவர் வழியே நகருக்குள் புகுந்தது. மார்ச் 22ஆம் நாள் முதல் டான் டோக் செங் மருத்துவமனை அந்நோய்க்கென ஒதுக்கப்பட்டது. மே 31ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை நோய் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குள் நோயுற்றோர் 238 பேர். இறந்தோர் 33 பேர். நோயுற்றோருள் ஐவருக்கு இருவர் வீதம் மருத்துவத் துறையில் பணிபுரிந்தோர். செவிலியர் சீருடையைக் கண்டு பேருந்தில் விலகி அமர்ந்தோரும் இருந்தனர்.

அக்காலத்தில் உறவினர் நோயாளியைப் பார்க்க இயலாது. இறந்தவரின் உடல் இரட்டை உறையில் மூடி முத்திரையிடப்பட்டு, 24 மணி நேரத்திற்குள் அடக்கமோ தகனமோ செய்யப்பட்டது. நீராட்டுதல் இல்லை, வாய்க்கரிசி இல்லை, முகம் பார்த்தலும் இல்லை. வீட்டாரில் பலர் தாமும் வீட்டில் அடைபட்டிருந்தனர். ஒரு தாய் மருத்துவமனையில் தனியே இறக்க, மக்கள் வீட்டுக்குள் இருந்தபடி அதனைக் கேட்கவேண்டிய கொடுமை எழுந்தது.

சமூகப் பணியாளர்க்கு அப்போது எஞ்சியிருந்த கருவி தொலைபேசி. வார்டில் இருப்பவர் சொன்னதை வீட்டிற்கும், வீட்டார் சொன்னதை வார்டிற்கும் கொண்டுசெல்வது அதன் வழியே நடந்தது. தனிமையில் அடைபட்ட குடும்பத்திற்கு உணவுப்பொருள் கிடைக்கின்றதா, சம்பளம் நின்றுவிட்டதா, முதியவரின் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று விசாரிக்கப்பட்டது. சடங்குகளைச் செய்ய இயலாத குடும்பத்திற்கு, பின்னொரு நாளில் எதைச் செய்யலாம் என்று எண்ணிப் பார்க்கத் துணை தேவைப்பட்டது. அச்சத்தோடு பணிக்கு வந்த செவிலியரும் ஊழியரும் மனம்விட்டுப் பேச ஒருவர் வேண்டியிருந்தது. பக்கம் என்பது உடலின் அணிமை மட்டுமன்று என்பதை அக்காலம் கற்பித்தது.

அப்பாடம் 17 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தேவைப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கொவிட்-19 வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதிகளில் பரவியது. அவ்விடுதிகளில் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களுள் தமிழரும் வங்காளியரும் மிகப் பலர். அவ்வாண்டு டிசம்பர் வரை 54,505 தொழிலாளர்க்குத் தொற்று உறுதிப்பட்டது. இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஏறத்தாழ நூற்றுக்கு 47 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது தெரியவந்தது. பெரும்பாலோர் இளைஞர், நோய் பலருக்கு இலேசாகவே கழிந்தது. ஆயினும் அவர்களை வருத்தியவை வேறு. முகவரிடம் வாங்கிய கடன், நின்றுபோன கூடுதல் வேலைக் கூலி, புதுக்கோட்டையிலோ தஞ்சாவூரிலோ தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துப் பதறும் தாய், பறக்காத விமானம் ஆகியவையே அவை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தேக்காவில் கூடி ஊர்ச் செய்தி பேசுவோர் ஓரறையில் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தனர். முகக்கவசமும் மேலங்கியும் அணிந்து முகம் தெரியாமல் வந்து நிற்பவர், “தம்பி, சாப்பிட்டீர்களா? வீட்டுக்குப் பேசினீர்களா?” என்று தமிழில் கேட்டால், அதுவே பாதி மருந்து. தாய்மொழி என்பது ஏட்டில் மட்டும் காக்கப்படும் பொருள் அன்று. காய்ச்சலில் கிடப்பவரின் தலைமாட்டிலும் அதற்கு வேலை உண்டு.

கூட்டம் கலைந்த பின்

பேரிடர் நடந்த நாளில் உதவ வருவோர் பலர். ஒரு மாதம் கழிந்தால் அவர்கள் இரார். துன்பமோ அப்போதுதான் முழு உருவம் கொள்ளும்.

1978ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்த ஸ்பைரோஸ் என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 76 பேர் மாண்டனர். தீப்புண்பட்டோர் பலர். தீப்புண் ஆற நெடுநாள் ஆகும். ஆறிய பின்னும் உருமாறிய முகமும் மடங்காத விரல்களும் எஞ்சும். இத்தகையவருக்குப் பழைய வேலை கிடைக்குமா, இழப்பீட்டு விண்ணப்பத்தை யார் நிரப்புவது, கண்ணாடியைப் பார்க்க அஞ்சும் கணவனை மனைவி எப்படித் தேற்றுவது என்பன மருத்துவக் கேள்விகள் அல்ல. ஆனால், இவற்றிற்கு விடை காணாத மருத்துவம் முற்றுப்பெற்ற மருத்துவமும் அன்று.

இந்த உண்மையை உலகிற்கு முதலில் அழுத்தமாக உணர்த்தியது பாஸ்டன் நகரில் நேர்ந்த ஒரு தீ விபத்து. 1942ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் கோக்கனட் குரோவ் என்னும் இரவு விடுதி எரிந்து 492 பேர் மாண்டனர். முன்னர்க் குறிப்பிட்ட மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எரிக் லிண்டமன் என்னும் மனநல மருத்துவர், உயிர் தப்பியோரையும் உறவினரை இழந்தோரையும் தொடர்ந்து கவனித்தார். 1944இல் துக்கத்தைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரை இன்றும் மேற்கோளாகக் காட்டப்படுகின்றது. அவர்தம் குழு கண்ட ஒருவர், மனைவியைத் தீயில் இழந்து தாம் மட்டும் பிழைத்தவர். உடல் தேறி வீடு சென்றார். நலமடைந்தவர் என்றே எண்ணப்பட்டார். அவளைக் காப்பாற்றத் தவறினேனே என்னும் எண்ணம் அவரை வாட்டியது. மீண்டும் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டவர், அங்கேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தோல் ஆறிவிட்டது என்பதனால் மனிதர் ஆறிவிட்டார் என்று கொள்ளலாகாது.

ஆகவே, சமூகப் பணியாளர் நோயாளியின் கோப்பை விரைவில் மூடுவதில்லை. பத்தாம் நாள், மூன்றாம் மாதம், முதலாண்டு நினைவு நாள் ஆகியவற்றைக் குறித்துவைத்து விசாரிப்பது நன்முறை. பணமும் இதில் ஒரு பகுதி. சிங்கப்பூரில் 1993இல் நிறுவப்பட்ட மெடிஃபண்ட் என்னும் அறநிதி, மருத்துவக் கட்டணம் செலுத்த இயலாத குடிமக்களுக்கு உதவுகின்றது. அதற்குரிய குடும்ப நிலையை விசாரித்து விண்ணப்பத்திற்குத் துணைசெய்வோர் மருத்துவச் சமூகப் பணியாளரே. வெளிநாட்டுத் தொழிலாளர்க்கு அந்நிதி இல்லை. முதலாளி எடுத்த காப்பீடும், வேலைக்காய இழப்பீட்டுச் சட்டமும், தொண்டு நிறுவனங்களுமே அவர்களுக்குத் துணை. எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதை அறிந்து அழைத்துச் செல்வதும் ஒரு கலை.

உதவும் முறையிலும் காலத்திற்கேற்ப அறிவு வளர்ந்துள்ளது. விபத்தில் தப்பியவரை உடனே அமரவைத்து நடந்ததையெல்லாம் சொல்லச் செய்வது நன்று என்று ஒரு காலத்தில் கருதினர். அப்படி வற்புறுத்துவதால் பயனில்லை. சிலருக்குத் தீங்கும் ஆகலாம் என்பது பின்னர் நடந்த ஆய்வுகளின் முடிவு. 2011இல் உலக சுகாதார நிறுவனம் பிற அமைப்புகளுடன் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று செயல்களையே முதன்மையாக்குகின்றது. பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்பன அவை. என்ன தேவை என்று பார்த்து, பேச விரும்பினால் கேட்டு, உறவோடும் உதவியோடும் இணைத்துவிட வேண்டும். பேச விரும்பாதவரைப் பேசாமல் இருக்கவிட வேண்டும்.

அமைதிக் காலத்தின் ஆயத்தம்

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகும். பேரிடர் நாளில் சமூகப் பணியாளர் செய்வது புதிய வேலை அன்று. பெயரைக் கேட்டறிதல், உறவைத் தேடுதல், உண்மையைப் பக்குவமாகச் சொல்லுதல், உணவுக்கும் வாடகைக்கும் வழி செய்தல், மறவாமல் பின்தொடர்தல் ஆகியவை அவர் ஒவ்வொரு நாளும் செய்பவையே. நீரிழிவால் காலை இழந்த முதியவருக்காக அவர் செவ்வாய்க்கிழமை செய்யும் வேலையும், சனிக்கிழமை கட்டடம் இடிந்தால் செய்யும் வேலையும் ஒன்றே. வேகமும் எண்ணிக்கையும் மட்டும் வேறு. ஆகையால், அமைதிக் காலத்தில் அப்பிரிவைச் சிறுக வைத்திருக்கும் மருத்துவமனை, பேரிடர் காலத்தில் அதனைத் திடீரெனப் பெருக்கிக்கொள்ள இயலாது. தீயணைப்பு வண்டியைத் தீப்பிடித்த பின் வாங்குவார் உண்டோ?

1990களில் சிங்கப்பூர் இதனை ஒழுங்குபடுத்தியது. நெருக்கடி நேரத்தில் மக்களின் மனநலத்தைப் பேண, மனநல மருத்துவர், உளவியலார், சமூகப் பணியாளர் ஆகியோரை ஒன்றிணைக்கும் தேசிய ஏற்பாடு உருவாக்கப்பட்டது. மருத்துவமனைகளில் பேரிடர் ஒத்திகைகளும் நடத்தப்படுகின்றன. ஒத்திகையில் காயம்பட்டவராக நடிப்பவரோடு, தேடி வரும் உறவினராக நடிப்பவரும் இருந்தால்தான் அது நிறைவுடைய ஒத்திகை ஆகும்.

இதில் ஆசிரியர்க்கும் பங்கு உண்டு. தன் முழுப்பெயரையும், தாய் தந்தையர் பெயரையும், அவை அடையாள அட்டையில் எவ்வெழுத்துக்களில் உள்ளன என்பதையும் ஒவ்வொரு மாணவரும் பிழையின்றி எழுதப் பழகுவது சிறிய பாடம். ஒருநாள் அது பெரும்பயன் தரலாம். சமூகப் பணியைத் தொழிலாகக் கொள்ளலாம் என்று மேல்வகுப்பு மாணவர்க்கு எடுத்துரைப்பதும் நன்று. தமிழ் நன்கறிந்த மாணவர் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆவதை ஊர் போற்றுகின்றது. தமிழ் நன்கறிந்த ஒருவர் மருத்துவமனையின் உறவினர் அறையில் அமர்ந்திருப்பதன் மதிப்பை, அந்த அறைக்குள் ஒருமுறை சென்று வந்தவரே அறிவர்.

சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் கூடும் முனையில் இன்று வேறொரு கட்டடம் நிற்கின்றது. கோயிலுக்குச் செல்வோர் அதனைக் கடந்து செல்கின்றனர். அங்கிருந்து டான் டோக் செங் மருத்துவமனை தொலைவில் இல்லை. இன்றும் அங்கே ஒருவர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா, அவருடைய அப்பா பெயர் என்ன? சொந்த ஊர் எது?” என்று ஒரு மூதாட்டியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். குறளின் நான்காம் கூற்றை இனி வகுப்பில் விளக்கும்போது, செவிலியரோடு அவரையும் சேர்த்துக் கூறுவது தகும்.